சிம்கோ ஏரியில மஞ்சள் பேர்ச் பிடிக்க என்ன ஹூக், என்ன றிக்: முழுமையான வழிகாட்டி

கனடாவில, ரொறன்ரோப் பக்கம் இருக்கிற ஸ்காபரோ, மார்க்கத்தில இருந்து சிம்கோ ஏரிக்கு வடக்கால ஒரு மணித்தியாலம், மிஞ்சிப்போனா ஒன்றரை மணித்தியால ஓட்டம். வசந்தம் வந்தா எங்கட ஆக்கள் குடும்பம் குடும்பமா அங்க தூண்டிலோட நிக்கினம், பாக்கச் சந்தோசமா இருக்கும். ஆனா கனபேர் கட்டியிருக்கிறதைப் பாத்தா கடலுக்குப் போற சாமான் மாதிரி, தடிச்ச லைன், பெரிய ஹூக், பெரிய ஈயம், அப்பிடியே அடியில போட்டிட்டு கதிரையில இருப்பினம். பக்கத்தில நிக்கிற ஆள் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா எடுப்பார், இவைக்கு இரை மட்டும் தான் போகும். ஏரியிலயும் பிழை இல்லை, மீனிலயும் பிழை இல்லை, லைன்ர நுனியில இருக்கிறதில தான் முழுப் பிழையும்.

கடைக்குப் போனா எல்லாரும் முதல்ல ஹூக் பக்கெற்றைத் தான் கையில எடுக்கிறது. நான் சொல்லுறது அதைத் திருப்பிச் செய்யுங்கோ எண்டு. முதல்ல அடித்தரையில இருந்து எவ்வளவு உயரத்தில இரை நிக்கவேணும் எண்டு முடிவெடுங்கோ, அது தெரிஞ்சா றிக், அதாவது லைன்ல ஹூக்கும் ஈயமும் கட்டுற முறை, தானா முடிவாகும், பிறகு இரை, கடைசியாத் தான் ஹூக் நம்பர். இந்த ஒழுங்கிலயே கீழ எழுதுறன்.

முதல்ல மீனைப் பற்றிக் கொஞ்சம்

மஞ்சள் பேர்ச் சின்ன மீன். கூடுதலா வாறது 6 தொடக்கம் 10 அங்குலம், 12 அங்குலம் தாண்டினா இஞ்ச ஜம்போ எண்டு சொல்லுவினம். உலக றெக்கோர்ட்டே 4 பவுண் 3 அவுன்ஸ் தான், 1865ல அமெரிக்காவில நியூ ஜேர்சியில போர்டன்டவுன் எண்ட இடத்தில பிடிச்சது, இண்டைக்கு வரைக்கும் அதை ஒருத்தரும் முறியடிக்கேல்ல. அப்ப 20 பவுண் லைன் கட்டவேண்டிய தேவை எங்க இருக்கு?

வாய் சின்னன், வாயோரத்துத் தோல் மெல்லிசு. பலமா வெட்டி இழுத்தா கிழிஞ்சு மீன் போயிடும். பகல்ல கண்ணாலப் பாத்துத் தான் தின்னும், இருட்டினா அடியில போய்ப் படுத்திடும், அதால இரவில போய் நிண்டு மினக்கெட வேண்டாம். கூட்டமாத் திரியும், அதுவும் ஒரே அளவு மீன் எல்லாம் ஒரு கூட்டமா. விரல் நீளக் குஞ்சு மட்டும் வந்துகொண்டிருந்தா ஹூக்கை மாத்திப் பிரயோசனம் இல்லை, இடத்தை மாத்துங்கோ.

சிம்கோவுக்கு எண்டு ரெண்டு விசயம் இருக்கு. ஒண்டு, 1990களில ஸீப்ரா மசல் எண்ட சின்னச் சிப்பி வந்து தண்ணியை வடிகட்டி வடிகட்டி ஏரியைத் தெளிவாக்கிப் போட்டுது, தெளிஞ்ச தண்ணியில தடிச்ச லைனை மீன் வடிவாக் காணும். ரெண்டாவது, 2000களில வந்த றவுண்ட் கோபி. இது வெளியில இருந்து வந்து பரவின மீன், இதுக்கு உடம்புக்குள்ள காத்துப்பை இல்லை, அதால மிதந்து நிக்க ஏலாது, அடியில கல்லோட ஒட்டித்தான் சீவிக்கும். அடியில விழுந்த இரை எதுவா இருந்தாலும் உடன வந்து கொத்தும். உங்கட புழு திரும்பத் திரும்பக் காணாமப் போகுது எண்டா பெரும்பாலும் கோபியின்ர வேலை தான். அதுக்கு மருந்து, இரையை அடியில இருந்து ஒரு அடி மேல தூக்கி நிப்பாட்டுறது. பேர்ச் மேல ஏறி வந்து எடுக்கும், கோபிக்கு அவ்வளவு மேல வந்து நிண்டு தின்ன ஏலாது.

படி 1: எந்த ஆழம், எவ்வளவு உயரம்

ஐஸ் உருகி தண்ணி 7 தொடக்கம் 12 பாகை செல்சியஸ் வரேக்க பேர்ச் முட்டை போட கரைக்கு வரும். முட்டை நீட்டுக்கு மடிப்பு மடிப்பா நாடா மாதிரி பாசியிலயும் தண்ணிக்கை விழுந்த கொப்புகளிலயும் தொங்கும், கண்டா தொடாதேங்கோ. இந்த நேரம் குக்ஸ் பே மாதிரி ஆழமில்லாத குடாக்கள், மரீனா, கால்வாய் வாய், இதுகளில 3 அடி தொடக்கம் 10 அடிக்குள்ள மீன் நிக்கும், கரையில நிண்டே பிடிக்கலாம். இதுக்கு மிதவை றிக் (ஒவ்வொரு றிக்கும் என்ன எண்டு படி 2ல சொல்லுறன்).

கோடையில பாசிக்கூட்டம் முடியிற விளிம்பில, 10 அடியில இருந்து 25 அடி வரைக்கும் தேடுங்கோ. இதுக்கு ட்ரொப் ஷொட், இல்லாட்டி ஜிக். இலையுதிர் காலத்தில பெரிய கூட்டங்கள் சேரும், அந்த நேரம் ரெண்டு ஹூக் றிக் நல்லா வேலை செய்யும்.

கெம்பன்ஃபெல்ற் பே மாதிரி ஆழமான பக்கத்தில ஒரு கவனம். 30 அடிக்குக் கீழ இருந்து கெதியா மேல இழுத்தா பேர்ச்சின்ர காத்துப்பை ஊதி, வயிறு வாயால வெளியில தள்ளும். அந்த மீனைத் திரும்ப விட்டாலும் தப்புறது கஷ்டம். எண்டபடியா ஆழத்தில பிடிக்கிறதெண்டா வீட்டை கொண்டுபோகத் தான் பிடிக்கிறது, தேவையான அளவு வந்த உடன நிப்பாட்டுறது. பிடிச்சுப் பிடிச்சு விடுற ஆசை இருந்தா ஆழமில்லாத பக்கம் போங்கோ.

படி 2: றிக்

மிதவை றிக். கரையில நிக்கிற ஆளுக்கும் பிள்ளையளோட போறவைக்கும் இதைவிட லேசானது இல்லை. ஆனா அந்த சிவப்பும் வெள்ளையும் பூசின உருண்டைப் பந்தை மட்டும் வேண்டாதேங்கோ. பேர்ச் இழுக்கேக்க அந்தப் பந்தின்ர பாரம் தெரியும், உடன துப்பிப்போட்டுப் போயிடும். பென்சில் மாதிரி மெல்லிசான மிதவை எடுங்கோ. ஆழம் உங்கட றொட் நீளத்தை விடக் குறைவெண்டா லைன்ல இறுக்கிற மிதவை காணும், கூட எண்டா வழுக்கிற மிதவை: முதல்ல லைன்ல நிப்பாட்டு முடிச்சு, பிறகு ஒரு சின்ன மணி, பிறகு மிதவை, கீழ ஒண்டு ரெண்டு ஸ்பிளிற் ஷொட், அதாவது லைன்ல நசிச்சு இறுக்கிற குட்டி ஈயம், அதுக்குக் கீழ 12 தொடக்கம் 18 அங்குலம் விட்டு ஹூக். ஈயத்தை ஒவ்வொண்டாக் கூட்டி மிதவையின்ர நுனி மட்டும் வெளியில தெரியிற அளவுக்குக் கொண்டு வாங்கோ, இதில தான் கனபேர் அவசரப்படுறது. மிதவை தண்ணிக்கு மேல பாதி நிண்டா கொத்துறதில அரைவாசி உங்களுக்குத் தெரியவே வராது.

ட்ரொப் ஷொட். சிம்கோவுக்கு ஒரே ஒரு றிக் தான் பழகலாம் எண்டு சொன்னா நான் இதைத் தான் காட்டுவன். ஈயம் அடியில, ஹூக் அதுக்கு மேல. கோபிப் பிரச்சினை, பாசிப் பிரச்சினை, ரெண்டுக்கும் ஒரே பதில். கட்டுறது இப்பிடி:

1. லைன்ர நுனியில இருந்து ஒரு ரெண்டு அடி தள்ளி லைனை இரட்டையா மடிச்சு, அந்த மடிப்பை ஹூக்கின்ர கண்ணுக்குள்ளால விடுங்கோ.
2. அந்த இரட்டை லைனால ஒரு சாதாரண முடிச்சுப் போடுங்கோ, இறுக்க வேண்டாம்.
3. மிஞ்சி நிக்கிற வளையத்துக்குள்ளால ஹூக்கை முழுசா விட்டு எடுங்கோ, எச்சில் இல்லாட்டி தண்ணியால நனைச்சுப்போட்டு மெதுவா இறுக்குங்கோ. இது தான் பலோமார் முடிச்சு. நனைக்காம இறுக்கினா லைன் சூடாகி அந்த இடத்திலயே பலம் குறையும்.
4. கீழ தொங்குற நீட்டு நுனியை, ஹூக்கின்ர கூர் இருக்கிற பக்கத்தால திரும்ப ஒருக்கா கண்ணுக்குள்ளால கீழ இறக்குங்கோ. இதைச் செய்யாட்டி ஹூக் கீழ தொங்கி லைனோட ஒட்டிக்கொண்டு நிக்கும், செய்தா லைன்ல இருந்து நேரா வெளிய நீட்டி, கூர் மேல பாத்தபடி நிக்கும்.
5. ஹூக்கில இருந்து 10 தொடக்கம் 14 அங்குலம் கீழ ஈயம். 15 அடிக்கு 1/8 அவுன்ஸ் காணும், காத்து அடிச்சாலோ ஆழம் கூடினாலோ 1/4, 3/8 எண்டு போங்கோ.

ஈயத்தை அடியில வைச்சுக்கொண்டு லைனை ரைற்றா வைச்சு, றொட் நுனியை மட்டும் லேசா நடுங்க விடுங்கோ. ஈயம் அசையக்கூடாது, இரை மட்டும் அசையவேணும். பிறகு சும்மா வைச்சிருங்கோ, கூடுதலா அந்த அசையாம நிக்கிற நேரம் தான் கொத்தும்.

ரெண்டு ஹூக் றிக். மேல சொன்னதுக்கு அண்ணன் இது. லைன்லயே ரெண்டு இடத்தில 2, 3 அங்குல வளையம் முடிஞ்சு, ஒவ்வொரு வளையத்தையும் ஹூக் கண்ணுக்குள்ளால விட்டு ஹூக்கைச் சுத்தி மாட்டிறது, கீழ ஈயம். கீழ் ஹூக் ஈயத்தில இருந்து 10 அங்குலம், மேல் ஹூக் அதில இருந்து 14, 16 அங்குலம். வளையம் நீளமா இருந்தா லைனோட சுத்திக்கொள்ளும், அதால கட்டையா வையுங்கோ. மேல ஒரு இரை, கீழ வேற இரை போட்டுப் பாருங்கோ, அண்டைக்கு எது பிடிக்குது, எந்த உயரத்தில மீன் நிக்குது எண்டு அரை மணித்தியாலத்தில தெரிஞ்சிடும். ஒண்டு மாட்டின உடன அவசரமா இழுக்காதேங்கோ, கூட வந்த மற்றதும் மற்ற ஹூக்கை எடுக்கிறது வழமை.

கடையில கம்பி வைச்ச பிக்கெறல் றிக் எண்டு விக்கும். அது வொல்ஐ (இஞ்ச பிக்கெறல் எண்டும் சொல்லுவினம்) எண்ட பெரிய மீனுக்குச் செய்தது, அந்தக் கம்பியும் மணியும் தெளிஞ்ச தண்ணியில பேர்ச்சுக்கு அதிகம், ஹூக்கும் பெரிசு. கலங்கின தண்ணியில, ஓடுற ஆத்தில பாவிக்கலாம், சிம்கோவில நான் கட்டமாட்டன்.

ஜிக். ஹூக்கும் ஈயத் தலையும் ஒண்டாச் சேந்தது. மீன் எங்க எண்டு தெரியாம தேடுற நேரம் இது தான் கெதி. 1/16 அவுன்ஸ் தலை, ஆழத்துக்கு 1/8, அதில ஒன்றரை ரெண்டு அங்குல ரியூப் (குழாய் மாதிரி பிளாஸ்ரிக் இரை) இல்லாட்டி வால் உள்ள பிளாஸ்ரிக் இரை. நுனியில ஒரு துளி புழு குத்தினா வாசத்துக்கு விடாமப் பிடிக்கும்.

ஐஸ் காலத்தில சாமான் எல்லாம் இன்னும் சின்னன். 3, 4 மில்லிமீற்றர் டங்ஸ்ரன் ஜிக், அதில ஒண்டு ரெண்டு மாகட் எண்ட ஈப்புழு. டங்ஸ்ரன் ஈயத்தை விட அடர்த்தி கூட, அதால சின்னனா இருந்தாலும் கெதியா இறங்கும், கூட்டம் கீழ நிக்கேக்க அந்தக் கொஞ்ச நேரமே பெரிய விசயம். இல்லாட்டி சுவீடிஷ் பிம்பிள் மாதிரி மினுங்குற கரண்டி (ஸ்பூன் எண்டு விக்கிற உலோக இரை) ஒண்டைக் கீழ கட்டி, அதுக்கு ஒரு அடி மேல சின்ன ஹூக் ஒண்டு. கரண்டியின்ர மினுக்கம் கூட்டத்தைக் கூப்பிடும், மேல இருக்கிற சின்ன இரையை அதுகள் எடுக்கும்.

படி 3: இரை

டியூ வோர்ம் எண்டு விக்கிற பெரிய மண்புழுவை முழுசா மாட்ட வேண்டாம், 2, 3 சென்ரிமீற்றர் துண்டு காணும். நீட்டு வால் தொங்கினா வாலை மட்டும் கடிச்சுக்கொண்டு போகும். மினோ எண்ட சின்ன இரை மீன் எண்டா ஒன்றரை, ரெண்டு அங்குலம். உயிரோட நிக்கவேணும் எண்டா ரெண்டு உதட்டுக்குள்ளாலயும் கீழ இருந்து மேல குத்துங்கோ, மிதவைக்குக் கீழ போடுறதெண்டா முதுகுச் செட்டைக்குப் பின்னால, முள்ளந்தண்டில படாமக் குத்துங்கோ.

சட்டம் இதில முக்கியம். இரை மீன் வாங்கின ரிசீற்றை எறியாம வைச்சிருங்கோ, ஒன்ராறியோவில இரை மீனை எந்த வலயத்தில இருந்து எங்க கொண்டு போகலாம் எண்டு கட்டுப்பாடு இருக்கு. மிஞ்சின இரையையோ வாளித் தண்ணியையோ ஏரிக்குள்ளயும், கரையில இருந்து 30 மீற்றருக்குள்ளயும் ஊத்தக்கூடாது. கோபியை உயிரோட வைச்சிருக்கவும் கூடாது, இரையாப் போடவும் கூடாது. 18 வயசில இருந்து 64 வரைக்கும் லைசன்ஸ் வேணும். ஒரு லைன்ல நாலு ஹூக்குக்கு மேல கட்டக்கூடாது, எண்டபடியா மேல சொன்ன ரெண்டு ஹூக் றிக்கில ஒரு சிக்கலும் இல்லை.

படி 4: இப்ப தான் ஹூக்

நம்பர் முதல்ல விளங்கவேணும். 12, 10, 8, 6, 4 எண்டு நம்பர் குறையக் குறைய ஹூக் பெரிசாகும், 1க்குப் பிறகு 1/0, 2/0 எண்டு அங்கால இன்னும் பெரிசு. பேர்ச்சுக்கு 1/0 பக்கமே போகாதேங்கோ. ரெண்டு பக்கெற் தான் வேண்டக் காசிருக்கு எண்டா 6ம் 8ம் வேண்டுங்கோ, வருசம் முழுக்க ஓடும். மாகட், மெழுகுப் புழுவுக்கு 10, 12. ரெண்டரை அங்குல மினோ போட்டு ஜம்போ தேடுற நாளுக்கு 4.

நம்பரை விட வடிவம் கூட முக்கியம் எண்டு நான் நினைக்கிறன், அதைப் பற்றி ஆக்கள் குறைவாத் தான் கதைக்கினம்.

அபர்டீன் எண்டு பக்கெற்றில இருக்கும், மெல்லிய கம்பி, நீட்டுத் தண்டு. மினோவுக்கு இதைவிட நல்லது இல்லை, குத்துற ஓட்டை சின்னன் எண்டபடியா மினோ கனநேரம் உயிரோட நிக்கும். பேர்ச் விழுங்குற பழக்கம் உள்ள மீன், நீட்டுத் தண்டு வாய்க்கு வெளியில தெரிஞ்சுகொண்டு நிக்கும், பிடிச்சுத் திருப்பிக் கழட்டலாம். அடியில கட்டையில மாட்டினா மெதுவா இழுக்க கம்பி நிமிந்து வெளிய வந்திடும், கொறட்டால திரும்ப வளைச்சு ரெண்டு மூண்டு தரம் பாவிக்கலாம், அதுக்கு மேல முறியும். பிள்ளையளுக்குக் கட்டிக் குடுக்கிற றிக்கில கண்ணை மூடிக்கொண்டு இதைப் போடுங்கோ.

பெய்ற்ஹோல்டர் எண்டது தண்டின்ர முதுகில சின்னச் சின்ன முள்ளு வெட்டினது, புழு வழுக்கிக் கீழ வராது. புழுத் துண்டுக்கு 8ம் நம்பர் இது. மினோவுக்கு வேண்டாம், அந்த முள்ளு மினோவின்ர வாயைக் கிழிச்சுப் போடும்.

ஒக்ரபஸ் எண்டது கட்டைத் தண்டு, கண் பின்பக்கம் சாஞ்சிருக்கும். ட்ரொப் ஷொட்டுக்கு 6 இல்லாட்டி 8. லைன்ல இருந்து வடிவா நிக்கும், பிளாஸ்ரிக் மினோவை மூக்கில குத்த இது தான் சரி. ஆனா தண்டு கட்டை எண்டபடியா விழுங்கினா எடுக்கிறது கரைச்சல், இதைப் பாவிக்கிற நாள் லைனை எப்பவும் ரைற்றா வைச்சு உடன தூக்கவேணும், றொட்டைக் கீழ வைச்சிட்டு ரீ குடிக்கப் போகக்கூடாது.

சேர்க்கிள் ஹூக் விழுங்குறதைக் குறைக்கும், உண்மை தான், ஆனா வெட்டி இழுக்காம மீன் தானா ஓடி இறுகிற வரைக்கும் விடவேணும். பேர்ச் கொத்திப்போட்டு ஓடாம அந்த இடத்திலயே நிண்டு மெல்லுற மீன், அதால அது இதுக்கு அவ்வளவு பொருந்தாது. மூண்டு கூர் உள்ள ரெபிள் ஹூக் கரண்டியோட வாறதை விட்டா வேற எங்கயும் தேவையில்லை.

எந்தக் கொம்பனி எண்டாலும் கூரைப் பாருங்கோ. ஹூக்கை பெருவிரல் நகத்தில லேசா இழுக்க, வழுக்கிக்கொண்டு போனா அது மொட்டை, நகத்தில பிடிச்சு நிண்டா கூர். புது பக்கெற்றில இருந்து எடுத்தாலும் இப்பிடிப் பாருங்கோ, கல்லில இழுபட்ட உடன திரும்பப் பாருங்கோ. சின்ன மீனை விடுற எண்ணம் இருந்தா ஹூக்கின்ர கூருக்குப் பக்கத்தில இருக்கிற எதிர்முள்ளைக் கொறட்டால நசிச்சு விடுங்கோ, லைன் ரைற்றா இருந்தா மீன் கழண்டு போகாது.

படி 5: லைனும் றொட்டும்

4 இல்லாட்டி 6 பவுண் மொனோ (சாதாரண ஒற்றை நைலோன் லைன்), அவ்வளவு தான். ஆழத்தில கொத்துறது தெளிவாத் தெரியவேணும் எண்டா 6, 8 பவுண் பிறெய்ட் (பின்னின லைன்), அதின்ர நுனியில 4, 6 பவுண் ஃபுளோரோகாபன் லீடர், அதாவது தண்ணியில குறைவாத் தெரியிற லைன் துண்டு, மூண்டு நாலு அடி. பிறெய்ட்டை நேர ஹூக்கில கட்டாதேங்கோ, தெளிஞ்ச தண்ணியில தெரியும். றொட் ஆறு, ஆறரை அடி, லைற் இல்லாட்டி அல்ட்ரா லைற், நுனி வளையிறதா இருக்கவேணும், அந்த வளைவு தான் மெல்லிய வாய் கிழியாமக் காப்பாத்துறது. றீலின்ர ட்ராக்கை, அதாவது மீன் இழுக்கேக்க லைன் எவ்வளவு இறுக்கமா வெளிய போகும் எண்டு வைக்கிற திருகை, தளர்த்தி வையுங்கோ.

கொத்தேக்க என்ன செய்யுறது, பிசகினா என்ன மாத்துறது

டக் டக் எண்டு தட்டும். முதல் தட்டுக்கு ஒண்டும் செய்யாதேங்கோ, ரெண்டாவதுக்கு றொட் நுனியை ஒரு அடி மேல தூக்குங்கோ, அது காணும். பாரம் தெரிஞ்சா ஒரே சீரா சுத்துங்கோ, நடுவில நிப்பாட்டாதேங்கோ.

தட்டுது ஆனா மாட்டேல்ல எண்டா ஒரு நம்பர் சின்ன ஹூக், அதோட இரைத் துண்டையும் பாதியாக்குங்கோ. இரையைக் காணேல்ல, தட்டினதும் தெரியேல்ல எண்டா அடியில இருந்து இன்னும் ஆறு அங்குலம் மேல தூக்குங்கோ. பக்கத்து ஆளுக்கு வருது, உங்களுக்கு மட்டும் இல்லை எண்டா ஹூக்கைத் தொடாதேங்கோ, முதல்ல அவர்ர இரை எவ்வளவு உயரத்தில நிக்குது எண்டு கேளுங்கோ, ஏரிக்கரையில நிக்கிற ஆக்கள் கூடுதலா மறைக்காமச் சொல்லுவினம். மாட்டி மாட்டிக் கழண்டா றொட் விறைப்பு, இல்லாட்டி ட்ராக் இறுக்கம்.

மீனைப் பிடிக்கேக்க தலைப் பக்கத்தில இருந்து பின்னுக்குத் தடவி முதுகு முள்ளை மடக்கிப் பிடியுங்கோ, செவுள் மூடியின்ர விளிம்பும் வெட்டும், பிள்ளையளுக்கு முதல்லயே சொல்லி வையுங்கோ. விழுங்கின ஹூக்கை நீட்டு மூக்குக் கொறட்டால தண்டில பிடிச்சு, உள்ள தள்ளித் திருப்பி எடுங்கோ. தண்டே தெரியாத ஆழத்தில இருந்தா, விடப்போற மீனெண்டா பிடுங்காம லைனை வாயோட ஒட்ட வெட்டி விடுங்கோ, பிடுங்கினா செவுள் கிழிஞ்சு செத்துப்போகும். ஒரே நாளில ரெண்டு மூண்டு மீன் இப்பிடி விழுங்கினா, ஒக்ரபஸ்ஸைக் கழட்டிப்போட்டு அதே நம்பரில அபர்டீனைக் கட்டுங்கோ.